பி-பிளாக் மூலையில் நிற்கும் நீளக் கார்

(நம் சங்கத்தின் 2026 பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன விழாவில் இதே மேடையில் ஒரு ஸார் முத்துக்குளிப்பைப் பற்றிப் பேசினார். 1961-ஓடு நம் கடலில் அது நின்றுபோனதைச் சொல்லி எல்லாரையும் உருக வைத்துவிட்டார். என்னிடம் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. பி-பிளாக் மூலையில் தார்ப்பாய் போட்டு நிற்கிறதே ஒரு நீளக் கார், அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அதைப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகளை வளாகத்துக்குள் நிறுத்தக் கூடாது என்று அடுத்த மாதப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருவதும் தெரியும். அதற்கு முன்னால் அந்த வண்டி யார் என்று உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டாமா?

பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "தாத்தா, இது ஆம்புலன்ஸா?" என்பதுதான். இல்லை. இதன் பெயர் டாடா எஸ்டேட். 1992-இல் வந்தது. இதற்கு முந்தைய வருடம் வந்த சியராவின் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டுக்கும் அடியில் இருப்பது டாடா பிக்கப் லாரியின் சேஸிஸ். 1948 சிசி டீசல் இன்ஜின். பவர் விண்டோ எல்லாம் உண்டு, அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். சிக்னலில் நிற்கும்போது என் மகள் கண்ணாடியை ஏற்றி இறக்கியே மோட்டாரைத் தேய்த்தாள்.

எஸ்டேட் என்றால் தோட்டம் இல்லை. ஸ்டேஷன் வேகன் என்பதற்கு இங்கிலாந்துக்காரர்கள் சொல்லும் பெயர் அது. அந்தக் காலத்தில் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கும் ஆட்களையும் அவர்கள் பெட்டி படுக்கையையும் சேர்த்து ஏற்றிப்போக மரத்தில் கூடு கட்டிய வண்டிகள் இருந்தன. ஸ்டேஷன் வேகன் என்று பெயர் வந்தது அதனால்தான். அமைப்பு ரொம்ப எளிது. கூரை பின்முனை வரைக்கும் அதே உயரத்தில் போகும். டிக்கி தனி அறையாக இருக்காது. பின்சீட்டை மடக்கினால் முழுசும் ஒரே தளம்.

இதில் பெரிய ராஜாக்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். என் மைத்துனர் கப்பலில் வேலை பார்த்தவர். ஹூஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "மாப்ளே, நம்ம வத்தையை விட நீளம்" என்றார். அதில் கொஞ்சம் கடல்காற்று கலந்திருக்கும். ஆனாலும் ப்யூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட் ஐந்தரை மீட்டர் நீளம், அது உண்மை. 5.7 லிட்டர் இன்ஜின். ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர் என்று இன்னொன்று, பக்கவாட்டில் மரம் மாதிரியே ஸ்டிக்கர் ஒட்டி வரும். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையை அப்படியே படுக்க வைத்துக் கதவை மூடலாம். சிலவற்றில் மூன்றாவது சீட் பின்பக்கம் பார்த்து இருக்கும். பிள்ளைகள் பின்னால் வருகிற வண்டிக்காரருக்கு டாட்டா காட்டிக்கொண்டே போவார்கள். இன்றைக்கும் அங்கே இவற்றைத் தேடிப்பிடித்து வைத்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்களில் பலர் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்.

அவ்வளவு நல்ல வண்டி ஏன் போயிற்று? இங்கேதான் என்னைப் போன்ற காமர்ஸ் படித்த ஆளுக்கு சுவாரஸ்யம். 1975-இல் அமெரிக்க அரசு எரிபொருள் சிக்கனச் சட்டம் கொண்டுவந்தது. வேகன் கார் கணக்கில் வந்தது. கணக்கு கடுமை. மினிவேனும் ஜீப் வகை வண்டிகளும் சிறு லாரி கணக்கில் வந்தன. அங்கே கணக்கு இளக்கம். 1984 மாடலாக கிரைஸ்லர் மினிவேன் வந்ததும் குடும்பங்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. 1996-இல் ரோட்மாஸ்டரையும் நிறுத்திவிட்டார்கள். வேலையில் குறை என்று நிறுத்தவில்லை, எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது என்பதில் அடிபட்டது. பேரேட்டில் தலைப்பு மாறினால் என்ன ஆகும் என்று முப்பத்தைந்து வருடம் பார்த்தவன் நான்.

நம் நாட்டிலும் அதே கதை, சின்ன அளவில். அம்பாசடரில் எஸ்டேட் இருந்தது, அதை யார் வாங்கினார்கள்? எஸ்டேட்டைப் பார்த்தாலே நம் ஆட்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம். கார் என்றால் டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். 1994-இல் சுமோ வந்தது. ஆள் கூட ஏறலாம் என்றதும் டாடா எஸ்டேட்டைக் கேட்க ஆள் இல்லை. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்னக் கார்களுக்கு எக்சைஸ் வரியைக் குறைத்தார்கள். அதிலிருந்து கார்களெல்லாம் வால் வெட்டிக்கொண்டு வர ஆரம்பித்தன. நம் பார்க்கிங் கோட்டையும் பில்டர் அந்த அளவுக்குத்தான் போட்டிருக்கிறார். என் வண்டியின் பின்பக்கம் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் நான் சரியாக நிறுத்தத் தெரியாதவன் என்பது மட்டும் இல்லை.

நான் இதை 2002-இல் ஒரு கப்பல் ஏஜென்ட்டிடம் வாங்கினேன். 1996 வண்டி. சீட்டுப் பணம் எடுத்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் கொடுத்தேன். கிளார்க்குக்கு எதுக்கு இவ்வளவு நீள வண்டி என்று கிளையில் கேலி. ஆனால் திருச்செந்தூரில் காதுகுத்து என்றால் கேலி செய்தவர்களே பாத்திரமும் சீர்த்தட்டும் ஏற்றச் சொல்லி என் வீட்டு வாசலில் நிற்பார்கள். பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்தால் இதுதான் ரயிலடிக்குப் போகும். ஸ்டேஷன் வேகன் என்ற பெயருக்கு நியாயம் செய்த வண்டி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009-இல் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில், இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அம்மாவை அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்சில் ஏறமாட்டேன் என்று அம்மா ஒரே பிடிவாதம். பின்சீட்டை மடக்கி, மெத்தை விரித்து, அம்மாவைப் படுக்க வைத்து, தங்கச்சி தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஐம்பது கிலோமீட்டர் மெதுவாக வந்தேன். கண்ணாடி பெரியது இல்லையா, வல்லநாட்டு மலையைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டு வந்தாள். பதினோரு நாள் வீட்டில் இருந்தாள்.

சரி, அதை விடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம் தரைத்தளத்தில் சீட் உயரத்துக்குத் தண்ணீர். நம் வளாகத்தில் பல கார்களை இன்சூரன்ஸ்காரர்கள் முழுச் சேதம் என்று எழுதிவிட்டார்கள். கம்ப்யூட்டர் பெட்டி நனைந்தால் செலவு கார் விலைக்கு வந்துவிடும். எனக்குப் பட்டறையிலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, சாவியத் தொட்டுராதீங்க. பேட்டரியக் கழட்டிட்டு சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். தண்ணீர் வடிந்ததும் கட்டி இழுத்துப் போனார்கள். இன்ஜின் ஆயில் மோர் மாதிரி வெளுத்து இருந்தது. இன்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றிலும் ஆயிலை வடித்து மாற்றினார்கள். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றினார்கள். ஸ்டார்ட்டரையும் டைனமோவையும் பிரித்துக் காயவைத்தார்கள். டீசல் டேங்க் கழுவி, பம்பை சர்வீசுக்குக் கொடுத்து, சீட்டை வெயிலில் போட்டு, மொத்தம் நாற்பத்தேழாயிரம். இந்த இன்ஜினே சுமோவிலும் ஓடியதால் சாமான் கிடைத்துவிட்டது. கிடைக்காதது பின்விளக்குக் கண்ணாடியும் கதவு ரப்பரும்தான். அதற்கு இன்றுவரை அலைகிறேன்.

வண்டி குறை இல்லாதது என்று சொல்லவில்லை. ஏர்பேக் கிடையாது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போக நானே பயப்படுவேன். நம் ஊர் உப்புக்காற்றில் கதவின் அடிவிளிம்பு வருடத்துக்கு ஒருமுறை டிங்கரிங் கேட்கும். மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால் இதை மட்டுமாவது செய்யுங்கள். தார்ப்பாய் போட்டு மூடிவைத்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கி இன்னும் சீக்கிரம் துரு ஏறும். நானே வெயில் நாட்களில் கழற்றிவிடுகிறேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வருடம் பதினைந்து சதவீதம் தேய்மானம் போட்டால் என் வண்டியின் இன்றைய புத்தக மதிப்பு மூவாயிரத்து இருநூறு ரூபாய்ச் சொச்சம். இந்த வருடம் அதன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021-இல் அதற்குக் கட்டணம் 600 ரூபாய். போன ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. வண்டியின் மதிப்பைப் போல மூன்று மடங்கு கட்டி அதை வைத்துக்கொள்வதா என்று என் மகள் கேட்கிறாள். கட்டத்தான் போகிறேன். ஐம்பது வருடம் ஆனால் அரசே விண்டேஜ் என்று தனி எண் கொடுக்கும். அது 2046. எனக்கு அப்போது 84 வயது, ஓட்டுநரை வைத்துக்கொள்ளலாம்.

தீர்மானத்தைப் பற்றி. பதினைந்து வருடம் ஆன சொந்தக் காரை ஆர்.டி.ஓ. பரிசோதித்து, சரியாக இருந்தால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருகிறது சட்டம். அரசு ஓட்டலாம் என்று சொல்லும் வண்டியை நாம் நிறுத்தக் கூடாது என்பது எப்படி? அதோடு, நம் வளாகத்தில் பதினைந்து தாண்டிய வண்டி என்னுடையது மட்டும் இல்லை. சி-பிளாக்கில் தனியாக இருக்கும் டீச்சரம்மாவின் மாருதி 800 இருக்கிறது. டயாலிசிசுக்கு வாரம் இரண்டு முறை அதில்தான் போய்வருகிறார். நம் எலக்ட்ரீஷியன் தம்பியின் பைக் இருக்கிறது. ஓடாமல், பதிவு இல்லாமல், காற்று இறங்கி நிற்கும் வண்டிகளை எடுக்கச் சொல்லுங்கள், நான் முதல் ஆளாகக் கை தூக்குகிறேன். வயதை வைத்து எடுக்கச் சொல்லாதீர்கள்.

என் மேல் வந்த புகாரில் ஒன்று நியாயமானது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் புகை நேராக ஏ-பிளாக் முதல் மாடி ஜன்னலுக்குப் போகிறது. அந்த வீட்டுக் குழந்தைக்கு மூச்சிரைப்பு என்று எனக்குப் போன மாதம்தான் தெரியவந்தது. அம்மா, வருந்துகிறேன். பின் கேட் பக்கம் மோட்டார் ரூமுக்கு அருகே காலியாக இருக்கும் இடத்தை என் இடத்துக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லி செயலாளரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அங்கே ஜன்னல் கிடையாது, நீளமும் போதும். ஆயில் சொட்டும் இடத்தில் தட்டு வைத்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டியை வெளியே எடுத்துப் பின் கேட்டுக்கு அப்பால் நிறுத்துகிறேன். சீட்டை மடக்கிக் காட்டுகிறேன். பிள்ளைகள் எத்தனை பேர் ஏற முடியும் என்று எண்ணிப் பாருங்கள், நிற்கும் வண்டியில் மட்டும். தீர்மானம் கொண்டுவரும் ஸாரையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார். டீ என் செலவு.