மும்பை: காலநிலைப் பாதுகாப்பும் வாழிட உரிமையும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த வெள்ளத்தில் மகாராஷ்டிரம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் நகரமாக மும்பையை மாற்றப்போவதாக அன்று முதல் ஒவ்வோர் ஆட்சியும் அறிவித்து வந்திருக்கிறது. இருபது ஆண்டுகள் கடந்த நிலையில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தப் பாதுகாப்பு யாருக்கு? இதன் விலையைச் செலுத்துவது யார்?

ஏழு தீவுகளுக்கு இடையிலான கடலையும் சதுப்பையும் தூர்த்து எழுப்பப்பட்ட நகரம் மும்பை. நிலத்தைக் கடலிடமிருந்து பறிப்பது அங்கே பிரிட்டிஷார் காலம் தொட்டே மூலதனத்தின் தொழில். சுதந்திரத்துக்குப் பின்னும் அது நிற்கவில்லை. மித்தி ஆற்றின் வடிநிலமாக இருந்த சதுப்பின் மீதுதான் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் எழுந்தது. விமான நிலைய ஓடுபாதை ஆற்றின் போக்கையே வளைத்தது. மழைநீர் வடிகால்களோ மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்கும் அளவிலேயே நெடுங்காலம் இருந்தன. அதை 50 மி.மீ. ஆக உயர்த்த வேண்டும் என்ற திட்ட அறிக்கை 1993இலேயே தயாராகிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் அது அலமாரியில் கிடந்தது. 2005க்குப் பின்னர்தான் பணிகள் வேகம் பெற்றன. திட்டமிடப்பட்ட எட்டு நீரேற்று நிலையங்களில் மாகுல், மோக்ரா ஆகிய இரண்டும் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன.

சுவர் யார் மீது விழுகிறது?

பெருமழையில் வசதி படைத்தவருக்கு நேர்வது பெரும்பாலும் பொருள் இழப்பு. உழைப்பாளி மக்களுக்கு நேர்வது உயிரிழப்பு. 2019 ஜூலை 2 அதிகாலையில் மலாட் பகுதியில் மாநகராட்சி நீர்த்தேக்கத்தின் சுற்றுச்சுவர் இடிந்து குடிசைகள் மீது விழுந்ததில் ஏறத்தாழ 30 பேர் பலியாயினர். 2021 ஜூலை 18 அன்று செம்பூர், விக்ரோலி பகுதிகளில் சுவர் இடிந்தும் மண் சரிந்தும் ஒரே இரவில் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் உயிர்கள் பறிபோயின. அதே ஆண்டு மே மாதம் டவ்தே புயலில் பி-305 என்ற பணியாளர் படகு மும்பைக் கடலில் மூழ்கி எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எண்ணெய் வயல் பணிக்கு அமர்த்தப்பட்ட தொழிலாளர்கள் அவர்கள். புயல் எச்சரிக்கை முன்கூட்டியே வெளியாகியிருந்தும் அவர்கள் கரை சேர்க்கப்படவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பை மக்களில் 41 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்கின்றனர். நகர நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் அவர்கள் நெருக்கியடிக்கப்பட்டுள்ளனர். அவர்கள் மலைச்சரிவையும் வடிகால் கரையையும் விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். சந்தை அவர்களுக்கு விட்டுவைத்த இடம் அதுவே. வெப்பமும் அவ்வாறே பங்கிடப்படுகிறது. மரங்கள் நிறைந்த மாட்டுங்காவை விட, தகரக் கூரைகள் நிறைந்த பக்கத்துத் தாராவியில் நிலப்பரப்பின் வெப்பம் பல டிகிரி கூடுதல்.

திட்டமும் நடைமுறையும்

2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சி தனது காலநிலைச் செயல் திட்டத்தை வெளியிட்டது. நிகர பூஜ்ய உமிழ்வை 2050க்குள் எட்டுவது அதன் இலக்கு. ஒன்றிய அரசு நாட்டுக்கு அறிவித்துள்ள 2070க்கு இது இருபது ஆண்டுகள் முந்தியது. வெள்ளம், வெப்பம், காற்று மாசு, கழிவு, போக்குவரத்து ஆகியவற்றை ஆராயும் அந்த ஆவணம், ஏழை மக்களே அதிகம் பாதிக்கப்படுகின்றனர் என்பதையும் ஒப்புக்கொள்கிறது. ஆய்வு என்ற அளவில் அது வரவேற்கத்தக்கது. ஆனால் அது வெளியான அதே மாதத்தில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் 2026 ஜனவரி வரை தேர்தலே நடக்கவில்லை. 2024-25இல் ஏறத்தாழ 60,000 கோடி ரூபாய் ஆண்டு நிதிநிலை கொண்டிருந்த மாநகராட்சி நிர்வாக அதிகாரியின் கையில் விடப்பட்டது. எந்த வார்டில் வடிகால், எந்த வார்டில் தடுப்புச்சுவர் என்று கேட்பதற்கு மக்களின் பிரதிநிதி இல்லாதிருந்த நகரில் சமத்துவம் தாளில்தான் இருக்க முடிந்தது.

பணம் எங்கே போயிற்று என்பதைக் கடற்கரைச் சாலை காட்டுகிறது. தெற்கு மும்பையிலிருந்து வொர்லி வரை 10.58 கி.மீ. நீளம். செலவு ஏறத்தாழ 14,000 கோடி ரூபாய். இதற்காக நூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட கடல் தூர்க்கப்பட்டது. திட்டத்துக்கு அளிக்கப்பட்ட கடலோர ஒழுங்குமுறை அனுமதியை 2019 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்துப் பணியைத் தொடர அனுமதித்தது. 2024 மார்ச்சில் சாலையின் முதல் பகுதி திறக்கப்பட்டது. இதில் விரைவது பெரும்பாலும் சொந்தக் கார். மும்பையின் உழைப்பாளி மக்கள் பயணிப்பதோ நெரிசல் மிகுந்த புறநகர் ரயிலிலும் பெஸ்ட் பேருந்திலும். ஒரு காலத்தில் 4,000க்கும் மேற்பட்ட சொந்தப் பேருந்துகளை இயக்கிய பெஸ்ட் நிறுவனம், இன்று பெருமளவு தனியார் ஒப்பந்தப் பேருந்துகளைச் சார்ந்திருக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளது. உமிழ்வைக் குறைப்போம் என்று அறிவித்துவிட்டு, பொதுப் போக்குவரத்தை நலியவிட்டு, காருக்காகக் கடலைத் தூர்ப்பதுதான் இங்கே நடைமுறை.

வொர்லி கோலிவாடாவின் மீனவர்கள் இதற்குப் பணியவில்லை. கோலி மக்கள் மும்பையின் தொன்மையான குடிகள். சாலைப் பாலத்தின் தூண்களுக்கு இடையே 60 மீட்டர் இடைவெளி விடுவதாகத் திட்டம் கூறியது. அலையும் நீரோட்டமும் மிகுந்த அந்த வாயிலில் அது படகுகளுக்கு ஆபத்து என்று மீனவர்கள் எச்சரித்தனர். 160 மீட்டர் வேண்டும் என்று கோரினர். படகுகளைக் கடலில் நிறுத்திப் பணியைத் தடுத்தனர். நீண்ட போராட்டத்துக்குப் பின் நிர்வாகம் 120 மீட்டருக்கு இணங்கியது. கோரியது முழுமையாகக் கிடைக்கவில்லை. எனினும் மாற்றவே முடியாது என்று சொல்லப்பட்ட வரைபடத்தை மாற்றவைத்தது திரண்ட உழைப்பாளிகளின் பலமே.

மறுகுடியமர்வா, வெளியேற்றமா?

ஆபத்தான இடத்தில் வாழும் மக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது சில வேளைகளில் தேவைதான். எங்கே மாற்றுவது என்பதில்தான் வர்க்கக் கேள்வி எழுகிறது. தான்சா குடிநீர்க் குழாயை ஒட்டி வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாகுலுக்கு அனுப்பப்பட்டன. சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனக் கிடங்குகளும் சூழ்ந்த பகுதி அது. அங்குள்ள காற்று மாசு மக்களின் உடல்நலத்துக்கு அச்சுறுத்தல் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே கூறியிருந்தது. மக்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடினர். 2019இல் உயர் நீதிமன்றம், அங்கே எவரையும் கட்டாயப்படுத்திக் குடியமர்த்தக் கூடாது என்றும், வேறிடம் தர இயலாவிடில் மாதம் 15,000 ரூபாய் வாடகை தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இப்போது தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர்களும், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களும் சதுப்பு நிலத்தைத் தங்கள் உழைப்பால் மேடாக்கி உருவாக்கிய குடியிருப்பு அது. மறுமேம்பாட்டுத் திட்டத்தில் 80 சதவீதப் பங்கு அதானி குழுமத்துக்கு, 20 சதவீதம் மாநில அரசுக்கு. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆவணம் உடையவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு. பிந்தி வந்தவர்களுக்கும் மேல்தளவாசிகளுக்கும் தாராவிக்கு வெளியே இடம். அதற்கெனக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் 255.9 ஏக்கர் உப்பள நிலம் ஒதுக்கப்பட்டது. தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கரும் அடையாளம் காணப்பட்டது.

இதன் பொருளை உற்றுநோக்க வேண்டும். உப்பளங்கள் மழைநீரையும் ஓதநீரையும் தேக்கிவைத்து நகரைக் காக்கும் தாழ்நிலங்கள். அவற்றில் ஏழைகளைக் குடியமர்த்தினால் கிழக்குப் புறநகர்களின் வெள்ள ஆபத்து கூடும். அந்த வெள்ளத்தில் முதலில் நிற்பவர்களும் அதே ஏழைகளே. காலியாகும் தாராவி நிலமோ பாந்த்ரா-குர்லா வளாகத்தின் வாசலில் இருக்கும் பொன்விலை நிலம். முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்சனையைத் தீர்ப்பதில்லை, வேறிடத்துக்கு நகர்த்துகிறது என்று ஏங்கெல்ஸ் 1872இல் விளக்கினார். இன்று வெள்ள அபாயமும் அவ்வாறே நகர்த்தப்படுகிறது.

வேறு வழி உண்டு

அரபிக்கடலின் அதே கரையில் கேரளத்தின் அனுபவம் கவனத்துக்குரியது. ஆண்டுதோறும் கடல் புகுந்த கொச்சிக்கு அருகிலுள்ள செல்லானத்தில், இடது ஜனநாயக முன்னணி அரசு 344 கோடி ரூபாய் திட்டத்தில் டெட்ராபாட் கடற்சுவர் எழுப்பியது. சுவர் அமைந்த பகுதியில் வாழும் மீனவர்கள் இருந்த இடத்திலேயே பாதுகாப்புப் பெற்றனர். எஞ்சிய கரைக்கும் அதை நீட்டிக்க வேண்டும் என்ற மக்களின் கோரிக்கை நியாயமானது. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் குடும்பங்கள் விரும்பி இடம் மாறுவதற்குப் புனர்கேகம் திட்டம் 10 லட்சம் ரூபாய் வழங்கியது. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோ, மின்படகுகளால் தீவுவாசிகளை நகரோடு இணைக்கிறது. மும்பை கடலைத் தூர்த்துக் காருக்குப் பாதை அமைத்தது. கொச்சி நீரையே பொதுப் போக்குவரத்துப் பாதையாக்கியது. ஒரு மாநில அரசின் வரம்புகளுக்கு உட்பட்டே இவை செய்யப்பட்டன. குறைகளும் உண்டு. ஆயினும் பொதுப் பணத்தை யாருக்காகச் செலவிடுவது என்பதில் வேறுபட்ட முடிவு சாத்தியம் என்பதற்கு இவை சான்று.

தோழர்களே, காலநிலைப் பிரச்சனை வல்லுநர்களுக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும் உரியது என்ற எண்ணம் இயக்கத்துக்குள்ளும் இங்குமங்கும் நிலவுகிறது. அது களையப்பட வேண்டும். சரிவில் தடுப்புச்சுவர் கேட்பதும், கோடையில் கட்டுமானத் தொழிலாளிக்கு நிழலும் நீரும் கூலியுடன் கூடிய ஓய்வும் கேட்பதும், பேருந்துகளைத் தனியாருக்குத் தாரைவார்க்காதே என்பதும் காலநிலைப் போராட்டங்களே. உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தக் கோருவதும் அவ்வாறே.

இவை அனைத்துக்கும் அடித்தளமாக ஒரு கோரிக்கை உண்டு. நகரைக் கட்டியெழுப்பிய உழைப்பாளிகள், பிழைப்பும் பள்ளியும் மருத்துவமனையும் எட்டும் தொலைவில், அதே நகரில் பாதுகாப்பாக வாழும் உரிமை சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும். அந்த உரிமையை விட்டுவிட்டுப் பேசப்படும் மீள்திறன், ரியல் எஸ்டேட் மூலதனத்துக்குப் புதிய நிலம் தேடிக் கொடுக்கும் ஏற்பாடாகவே முடியும். ஒவ்வொரு திட்டத்தையும் இந்த அளவுகோலால் மக்கள் முன் அளந்து காட்டுவதும், கோலிவாடா மீனவர்களைப் போல் மக்களைத் திரட்டி வரைபடத்தை மாற்றவைப்பதும் கட்சி உறுப்பினர்களின் உடனடிக் கடமையாகும்.