விசையில் விரல் வைக்கும் முன்



பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாட்டில் யார் கையில் ஆயுதம் இருக்கலாம் என்பதை முடிவுசெய்தது வயது மட்டுமல்ல, சாதியும்தான். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி படையில் சுபேதார். அப்படியிருந்தும் 'போர்க்குடி' கோட்பாட்டைச் சொல்லி, 1890களில் மகார்களைச் சேர்ப்பதை நிறுத்தியது வெள்ளை அரசு. மகார் ரெஜிமென்ட் 1941இல்தான் வந்தது.

இன்று சேரிப் பிள்ளையும் என்.சி.சி. சீருடையில் .22 ரைஃபிளைத் தொடுகிறாள். முகாமுக்குக் கிளம்பிய அக்கா மகளிடம் நான்கு விதிகள் சொன்னேன். எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினை. சுடக்கூடாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே. சுடும் நொடிவரை விசையில் விரல் வைக்காதே. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்.

"காலின்னு தெரிஞ்சாலுமா, சித்தி?"

"தெரிஞ்சாலும்தான். காலின்னு நம்பின துப்பாக்கியாலதான் விபத்து நடக்குது."

திருவிழா பேனரில் ஆயுதத்தோடு நிற்கும் 'ஆண்ட பரம்பரை'க்கு இந்த நான்கில் ஒன்றுகூடத் தெரியாது. அவர்கள் குழல் எப்போதும் நம் தெருவை நோக்கியே நீள்கிறது. பதிலுக்கு நம் பிள்ளைகளும் அதே படத்தைப் போட ஆசைப்படுவதுதான் எனக்குக் கவலை. அந்தப் படத்தில் நாம் நின்றாலும் அது சாதியின் படமே.

அவர்களைச் சுடுதளத்துக்கு அனுப்புங்கள். சுட்டு முடித்து, காலி என்று காட்டி, ரைஃபிளை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பப் பழகட்டும்.