தன் பெயர் சொல்லும் கருவி

(நூற்றாண்டு நிறைவு ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் சீனன்குடாப் பிள்ளை. எங்கள் ஊர் எண்ணெய்க் குதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியரின் தாக்குதலில் எரிந்தது எது என்று கேட்டால், 91ஆம் இலக்கக் குதம் என்பார்கள். ஒரே மாதிரியான பல குதங்களுள் ஒன்றைப் பிரித்துச் சொல்ல இலக்கம்தான் வழி.

எங்கள் பள்ளிக் காலத்தில் இலக்கம் என்றால் அடையாள அட்டைதான் நினைவுக்கு வரும். அந்தப் பழைய அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். சோதனைச் சாவடியில் அதை நீட்டும்போது கை நடுங்கும். இலக்கத்துக்குப் பயந்த தலைமுறை நாங்கள். அதே இலக்கம் உயிரையும் காக்கும் என்று வைத்தியசாலையில்தான் கற்றேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மாவை மயக்கத்தோடு கொண்டுவந்தார்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தது. எந்தக் கம்பனியுடையது, எப்போது வைத்தது என்று வீட்டார் யாருக்கும் தெரியாது. இடம்பெயர்ந்தபோது அட்டை தொலைந்துவிட்டது. ஒரு கம்பனியின் பேஸ்மேக்கரோடு அந்தக் கம்பனியின் பரிசோதனைக் கருவிதான் பேசும். பெயர் தெரியாமல் பற்றரி தீர்ந்ததா என்றுகூடப் பார்க்க முடியாது.

எக்ஸ்ரே எடுத்தோம். பேஸ்மேக்கருக்குள் எக்ஸ்ரேயில் தெரியும்படி சிறு எழுத்துகள் பொறித்திருப்பார்கள். அதை வைத்துக் கம்பனியைக் கண்டுபிடித்து, உரிய கருவியை வரவழைத்தோம். நெஞ்சின்மேல் வைத்ததும் மாதிரி, தொடர் இலக்கம், பற்றரி நிலை எல்லாம் திரையில் வந்தன. பற்றரி முடியும் தறுவாயில் இருந்தது. அந்த அம்மாவுக்குப் புதியது பொருத்தினோம், பிழைத்துக்கொண்டார். ஆனால் பெயரைத் தேடியே இரண்டு நாட்கள் போயின.

இந்தத் தேடலைக் குறைக்கத்தான் அமெரிக்கா 2013இல் மருத்துவக் கருவிகளுக்குத் தனித்துவ அடையாளத்தை விதியாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் சட்டமாக்கியது. அந்த அடையாளத்தில் இரண்டு பகுதிகள். முதற்பகுதி யார் செய்தது, எந்த மாதிரி என்று சொல்லும். இரண்டாவது தொகுதி, தொடர் இலக்கம், காலாவதித் திகதி போன்றவற்றைச் சொல்லும். மனிதர் வாசிக்கும் எழுத்தாகவும், இயந்திரம் வாசிக்கும் கட்டக் குறியீடாகவும் அது இருக்கும். ஒரு தொகுதியில் பழுது என்று கம்பனி அறிவித்தால், அது யார் நெஞ்சில் இருக்கிறது என்று உடனே தேடலாம். முதற்பகுதி மட்டும் தெரிந்தால் போதாது. அந்த மாதிரியை வைத்திருக்கும் எல்லோரையும் அல்லவா பயமுறுத்த வேண்டிவரும்!

இலத்திரனியல் உறுப்புகளுக்குள்ளும் இப்படியான சில்லுகள் உண்டு. ஒருவகைச் சில்லில் 64 பிற்றுகள்: 8 அதன் இனத்துக்கு, 48 அதற்கே உரிய இலக்கத்துக்கு, மிகுதி 8 வாசித்தது சரிதானா என்று சோதிக்க. உறுப்பைப் பொருத்தியதும் தாய் இயந்திரம் அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

வெளிநாடுகளிலிருந்து ஊர் வைத்தியசாலைகளுக்குக் கருவிகள் அனுப்பும் சகோதரிகளே, உங்கள் மனதுக்கு நன்றி. ஒரு வேண்டுகோள். மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், உதிரிப்பாகங்களின் இலக்கம் மூன்றையும் எழுதிக் கூடவே அனுப்புங்கள். பொருந்தும் வயர் கிடைக்காமல் நல்ல மொனிட்டர் மூலையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா, அப்பாவின் உடலில் ஏதும் பொருத்தியிருந்தால், அந்த அட்டையை இன்றே படமெடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம்பெயர்வில் எங்கள் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் போயின. திரும்பி வந்தபோது நான் இந்தக் கல்லூரியின் பிள்ளை என்பதற்கு மிஞ்சியிருந்தது, சேர்வுப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இருந்த இலக்கம். அலுவலகத்தில் இருந்த அக்கா அதைத் தேடி எடுத்துத் தந்ததால்தான் என் படிப்பு தொடர்ந்தது. அந்தப் பதிவேட்டைப் பத்திரப்படுத்திய எல்லோருக்கும் நன்றி.