நின்ற பந்தும் நெடும் பயிற்சியும்



உதைபந்தாட்டம் ஓயாது ஓடும் ஆட்டம். பந்தும் வீரரும் கணந்தோறும் இடம் மாறிக்கொண்டிருக்க, மைதானத்தின் ஓரத்தே நிற்கும் பயிற்றுவிப்பாளர் செய்யக்கூடியது மிகச் சொற்பம். ஆயினும் பந்து அசைவற்று நிற்கும் வேளைகள் சில உண்டு. மூலை உதை, எதிரணியின் குற்றத்துக்காக வழங்கப்படும் பிறீ கிக், கோல் காப்பாளரை மட்டும் எதிர்நோக்கி உதைக்கும் தண்ட உதை என்பன அவை. அவ்வேளைகளில் யார் எங்கே நிற்பது, யார் எப்பொழுது ஓடுவது என்பவற்றை முன்னரே வகுத்து வைக்கலாம்.

நூறு மூலை உதைகளில் மூன்று நான்கே கோலாக முடிகின்றன. இச்சிறு பயனுக்காகப் பயிற்சி நேரத்தைச் செலவிடுவதா என்று கேட்போர் உண்டு. பெரும் போட்டிகள் பலவற்றை ஒரேயொரு கோலே தீர்மானிக்கிறது என்பதே அதற்கு மறுமொழி.

2018ஆம் ஆண்டு ருஷ்யாவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்து அணி இதற்குச் சான்று பகர்ந்தது. அவ்வணி அடித்த 12 கோல்களில் 9 நின்ற பந்திலிருந்து பிறந்தவை. பயிற்றுவிப்பாளர் கரெத் சவுத்கேற் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தை நேரிற் கண்டு, நெருக்கமான இடத்தில் வீரர்கள் வழியை உண்டாக்கும் முறைகளை ஆராய்ந்தார். மூலை உதையின்போது அவரது வீரர் நால்வர் ஒருவர்பின் ஒருவராக வரிசையில் நிற்பர். உதைப்பவர் ஓடத் தொடங்கியதும் நால்வரும் நான்கு திசைகளிற் சிதறுவர். தனக்குரிய ஆளைக் காவல் செய்ய வந்தவன், நெருங்கி நிற்கும் வரிசைக்குள் அவனைப் பற்றி நிற்க இயலாது தடுமாறுவான். சக வீரன் ஒருவன் அவன் பாதையிற் குறுக்கிட்டால், தலையால் முட்டுபவனுக்கு ஓரடி இடைவெளி கிடைத்துவிடும். அந்த ஓரடியே கோல்.

ஆகவே, பயிற்றப்படுவது உதை மட்டுமன்று. உதைப்பவன் குறித்த இடத்திற் பந்தை மீண்டும் மீண்டும் வீழ்த்தப் பழகுகிறான். மற்றையோர் அது வரும் கணத்தில் அங்கே சென்றடையப் பழகுகின்றனர். முந்தி ஓடினால் காவலன் விழித்துக்கொள்வான். பிந்தினால் பந்து கடந்துவிடும். தடுக்கும் அணிக்கும் இதுபோன்ற கணக்கு உண்டு. ஆளுக்கொருவரைக் காப்பதா, ஆளைவிட்டு இடத்தைக் காப்பதா? முன்னையதில் ஒருவனின் தவறு கோலாகலாம். பின்னையதில் தொலைவிலிருந்து ஓடிவந்து எழும்புபவனை நின்றபடியே எதிர்க்க நேரிடும். பலர் இரண்டையும் கலந்தே கையாளுகின்றனர்.

தண்ட உதையிலும் இதுவே நெறி. 1996இல் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகத் தண்ட உதையைத் தவறவிட்டவர் இதே சவுத்கேற். உலகக் கிண்ணப் போட்டிகளிலும் 1990, 1998, 2006 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்து தண்ட உதைகளாலேயே வெளியேறியது. அதனை விதியென்று விட்டுவிடாது, அவசரமின்றி மூச்சை நிதானப்படுத்தி உதைக்கத் தம் வீரர்களைப் பழக்கினார் அவர். 2018இல் கொலம்பியாவை 4-3 எனத் தண்ட உதைகளில் வென்றது அவ்வணி.

ஆனால் பயிற்சிக்கும் எல்லை உண்டு. அதே ஆண்டு அரையிறுதியில், குரோஷியாவுக்கு எதிராக ஐந்தாவது நிமிடத்திலேயே கீரன் ட்ரிப்பியர் பிறீ கிக்கினால் ஒரு கோல் அடித்தார். எஞ்சிய நேரத்தில், பந்தை ஆளும் திறத்தில் எதிரணியே மேலோங்கிற்று; மேலதிக நேரத்தில் 2-1 என்று இங்கிலாந்து தோற்றது. 2021இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் இத்தாலியிடம் தண்ட உதைகளிலேயே தோல்வி கண்டது.

நின்ற பந்து வாயிலைத் திறக்கும். உள்ளே நடந்து செல்ல ஓடும் பந்தை ஆளும் திறமும் வேண்டும். எனினும், திறமை குறைந்த அணிக்கும் வலிய அணிக்கும் பந்து ஒரேவிதமாய் அசையாது நிற்கும் கணம் அதுவே. அக்கணத்துக்கு எவர் அதிகம் பாடுபட்டாரோ, அவருக்கே அது பெரும்பாலும் பயன் தருகிறது. அதிர்ஷ்டம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, பிறர் காணாத மாலைப் பொழுதுகளிற் செய்த உழைப்பே ஆகும்.