ஒரத்துப்பாளையம் கேட்கும் நியாயம்

அணை கட்டித் தாருங்கள் என்று விவசாயிகள் கேட்பதுதான் வழக்கம். கட்டிய அணையில் தண்ணீர் தேக்கவே வேண்டாம் என்று அவர்களே மன்றாடிய இடம் ஒரத்துப்பாளையம். நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் முடிந்த அந்த அணையில், சில ஆண்டுகளிலேயே தேங்கி நின்றது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அடர் நிறமென்றால் ஒரு கிலோ துணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ வரை செல்லும். சாயம் துணியில் ஏறிக்கொள்ளும், உப்பு அப்படியே நீரில் நின்றுவிடும். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்து நிறத்தை எடுத்த அன்றைய சுத்திகரிப்பு நிலையங்களால் உப்பை நீக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெளிவாக இருந்த அந்த நீர்தான் வயலை இறுக வைத்தது, கிணறுகளைக் கெடுத்தது.

பட்டறைக்காரருக்கும் கடைமடை விவசாயிக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. லாபம் மேலே, நட்டம் கீழே. அதனால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே எடுபடாது. சட்டம் குறுக்கே வந்தால்தான் வழி. நடந்ததும் அதுதான். ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம், வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் விதித்தது. 2009-இல் உச்சநீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்பதை உறுதிசெய்தது. அப்படியும் நிலைமை மாறாததால், 2011 ஜனவரியில் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உத்தரவு வந்தது.

பிழைப்பு போய்விடுமே என்ற கேள்வி அன்றே எழுந்தது. நியாயமான கேள்வி. வேலையிழந்த தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாட்டைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால், பல ஆண்டுகள் தள்ளிப்போட்டதால்தான் ஒரே நாளில் பூட்டுப் போட வேண்டி வந்தது. உரிய காலத்தில் கண்டித்திருந்தால் அந்த அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது. கழிவுநீரில் உப்பை நீக்க அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் கலன்களும் வந்தன. நீரும் உப்புக்கரைசலும் மறுபடி சாயத்தொட்டிக்கே போகின்றன. திருப்பூர் அழிந்துவிடவில்லை. இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஆடை ஏற்றுமதி செய்கிறது.

சிறு பட்டறைகளுக்குச் செலவு கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. அந்தச் செலவில் வெளிநாட்டு வாங்குநர்களுக்கும் பங்கு உண்டு; சட்டையின் விலையில் அது ஏற வேண்டும், விவசாயியின் கிணற்றில் இறங்கக் கூடாது. ஓர் ஊரில் மட்டும் கெடுபிடி காட்டினால் பட்டறைகள் கண்காணிப்பு குறைந்த வேறு ஆற்றங்கரைக்கு நகரும். ஆகவே விதி எல்லா ஆறுகளுக்கும் ஒன்றாக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீடுகள் கீழ்க்கரை ஊராட்சிகளின் பலகையில் தினமும் எழுதப்பட வேண்டும். மழை இரவில் கழிவைத் திறந்துவிட்டால், மறுநாள் காலையிலேயே அது ஊருக்குத் தெரிய வேண்டும்.