மணலுக்கு அடியில் ஒரு வாய்க்கால்

படுவான்கரையில் வயலுக்குப் புறப்படுகிற நேரத்தில் வானொலியைப் போட்டிருப்பவர்களுக்கும், எழுவான்கரையில் கடைக் கதவைத் திறந்துகொண்டே கேட்பவர்களுக்கும் என் காலை வணக்கம். மாணவனாக இருந்த காலத்தில் போன வெளிநாட்டுப் பயணம் ஒன்றைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். நான் வெல்லாவெளிப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக வேலை பார்க்கிறவன். எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் தண்ணீரில்தான் போய் நிற்பேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேற்படிப்புக்காக வெளிநாட்டில் இருந்தபோது எங்கள் வகுப்பை மொரோக்கோவுக்குக் கூட்டிப்போனார்கள். வறண்ட நிலத்தில் விவசாயம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதுதான் பாடம். பேராசிரியர் ஒருவர், பல நாட்டு மாணவர்கள், ஒரு பஸ். மரக்கேஷ் நகரத்தில் தொடங்கி, அட்லஸ் மலையைத் தாண்டி, தென்கிழக்கே அல்ஜீரிய எல்லைக்குக் கிட்டக் கிடக்கும் தாஃபிலால்த் பிரதேசம் வரைக்கும் பயணம்.

மரக்கேஷைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜமா எல்ஃப்னா என்று ஒரு பெரிய சதுக்கம். பொழுது சாய்ந்ததும் அங்கே சமையல் புகை எழும்பும். கதை சொல்பவரையும் மேளம் அடிப்பவரையும் சுற்றிச் சனம் வட்டமாக நிற்கும். அந்த வட்டங்களுக்காகவே 2001இல் யுனெஸ்கோ அதை வாய்மொழி மரபின் சிறந்த சான்றாக அறிவித்தது. நம்முடைய கூத்துக் களரியைச் சுற்றி விடியவிடிய இருந்து பழகிய எனக்கு அங்கே கால் தானாக நின்றுவிட்டது. மொழி ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கதைசொல்லி எந்த இடத்தில் நிறுத்திக் காசுத் தட்டை நீட்டுவார் என்பது நன்றாக விளங்கியது.

அங்கிருந்து மலை ஏற்றம். திஷ்கா கணவாய் 2,260 மீற்றர் உயரம், நம்முடைய பீதுருதாலகாலையை விடக் கொஞ்சம்தான் குறைவு. அந்தப் பக்கம் இறங்கியதும் பச்சை நின்றுபோகும். பிறகு மணிக்கணக்காகக் கல். ஓம் நேயர்களே, கல்தான். சகாரா என்றவுடன் நமக்கு மணல்மேடுதான் மனதில் வரும். உண்மையில் சகாராவில் நாலில் ஒரு பங்கு அளவுதான் மணல். மிச்சமெல்லாம் கல்வெளி, சரளை, மொட்டைப் பாறை.

அந்த மணலைப் பார்க்கத்தான் எல்லாரும் மெர்சூகா என்ற ஊருக்கு வருகிறார்கள். எர்க் செப்பி என்ற மணல்மேடுகள் அங்கே நூற்றைம்பது மீற்றர் வரை உயர்ந்து நிற்கின்றன. ஒட்டகச் சவாரி, கூடாரத்தில் ஓர் இரவு, விடியற்காலையில் சூரியோதயம். அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன். போகிற பிள்ளைகளுக்கு ஒரு புத்திமதி: ஒட்டகம் பின்காலைத்தான் முதலில் எழுப்பும். முன்னால் குப்புற விழப் பார்ப்பீர்கள். கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மணலைப் பற்றி இவ்வளவு போதும்.

என் மனதைப் பிடித்தது மெர்சூகாவுக்குப் போகிற வழியில், ஜோர்ஃப் என்ற ஊருக்குப் பக்கத்தில். பஸ் யன்னலால் பார்த்தால் வெளியில் வரிசையாக மண் கும்பிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி. பெரிய எலி ஒன்று நேர்கோட்டில் வளை தோண்டிக்கொண்டு போன மாதிரி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. கூட வந்தவர்களில் பாதிப்பேர் நித்திரை. பேராசிரியர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார்.

அதன் பெயர் கெத்தாரா. ஈரானில் கனாத் என்று சொல்வார்களே, அதே முறை. வேலை எப்படி என்று கேளுங்கள். மலையில் பெய்த மழையும் உருகிய பனியும் நிலத்துக்குள் இறங்கி, மலையடிவாரத்தில் நிலத்தடி நீராக நிற்கும். அந்த நீர் மட்டத்தைத் தொடுகிற மாதிரி மேட்டுப் பக்கத்தில் ஒரு கிணறு தோண்டுவார்கள். அந்தக் கிணற்றின் அடியிலிருந்து ஊரை நோக்கி நிலத்துக்குள்ளாலேயே ஒரு வாய்க்கால். அதன் சரிவு, மேலே இருக்கிற தரையின் சரிவை விடக் குறைவு. தரை இறங்கிக்கொண்டு வரும். வாய்க்கால் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் சில கிலோமீற்றர் தள்ளி இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். அங்கே தண்ணீர் தானாக வெளியே ஓடிவரும். பம்பு இல்லை, எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை. வழியில் தெரிகிற குழிகள், உள்ளே வேலை செய்பவனுக்குக் காற்று வரவும் வெட்டிய மண்ணை மேலே ஏற்றவும். வாய்க்கால் மண்ணுக்குள் போவதால் வெயில் அதைக் குடிப்பதில்லை. நம்முடைய வாய்க்கால்களில் சிறுபோக வெயிலுக்கு எவ்வளவு தண்ணீர் ஆவியாகப் போகிறது என்பதைத் துரிசடியில் நின்றவர்களிடம் கேளுங்கள்.

தண்ணீர் வெளியே வருகிற இடத்தில் வயதான ஒருவர் நின்றார். ஒரு முறை ஓடிப் பார்த்தால் முடிந்துபோகிற சின்ன வாய்க்கால்தான். அதற்குப் பங்காளிகள் பலர். யாருடைய முன்னோர் தோண்ட உழைத்தார்களோ, அவர்களுக்கு அந்த உழைப்பின் அளவுக்கு நேரப் பங்கு. ஒருவருக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், இன்னொருவருக்கு அதில் பாதி, வேறொருவருக்கு அதிலும் பாதி. முறை சுற்றிவந்து திரும்பக் கிடைக்க நாட்கணக்கில் ஆகும். பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், வாடகைக்கு விடலாம், விற்கலாம். காணி ஒருவருடையது, தண்ணீர் இன்னொருவருடையது என்றும் இருக்கலாம். மணிக்கூடு வருவதற்கு முன் சில சோலைகளில் துளையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பித் தாழுகிற நேரத்தை ஓர் அளவாக வைத்திருந்தார்கள். நம்முடைய பழைய நாழிகை வட்டிலும் அப்படித்தானே வேலை செய்தது!

எங்கள் குழுவில் ஒரு மாணவி கேட்டாள்: "இரவில் யாராவது தண்ணீரைத் திருப்பிவிட்டால் என்ன செய்வீர்கள்?" மொழிபெயர்ப்பாளர் கேட்டதும் அந்தப் பெரியவர் சிரித்தார். "அடுத்த முறைக்காரன் வாய்க்காலடியில் முழித்திருப்பான். அவனுக்கு அடுத்தவனும் முழித்திருப்பான். யார் திருடுவது?"

எனக்கு நம்முடைய வட்டவிதானைதான் நினைவுக்கு வந்தார். இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு வட்டையில் இருக்கிற வயல்களுக்கெல்லாம் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா, வாய்க்கால் துப்புரவாக்கினார்களா, வேலி அடைத்தார்களா என்று பார்க்கிறவர் அவர்தான். நவகிரிக் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற எங்கள் பகுதியில் ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கும். குளத்தில் நிற்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம், முதல் தண்ணீர் எந்தத் திகதி, விதைப்பு எந்தத் திகதிக்குள், மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது, கடைசித் தண்ணீர் எப்போது என்று எல்லாவற்றையும் அங்கேதான் முடிவெடுப்போம். கூட்டம் சத்தமாகத்தான் நடக்கும். தலைவாய்க்கால்காரருக்கும் கடைவாய்க்கால்காரருக்கும் எப்போதும் ஒரு கணக்கு இருக்கும். சாமத்தில் என் தொலைபேசி அடித்தால் வீட்டில் ஒருவரும் பதறுவதில்லை. "யாரோ துரிசுப் பலகையைத் தூக்கிப்போட்டாங்க" என்ற செய்தியாகத்தான் இருக்கும் என்று என் மனைவிக்கே தெரியும்.

ஒரு கூட்டம் முடிந்த பிறகு, மரத்தடியில் இந்தக் கெத்தாராவைப் பற்றிச் சிலருக்குச் சொன்னேன். மண்ணில் படமும் கீறிக் காட்டினேன். வயதான விவசாயி ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிதான் தம்பி. தண்ணிய மண்ணுக்குள்ளால கொண்டுபோனா ஆனை எங்க போய்க் குடிக்கும்? அதுக்கும் ஒரு முறை வச்சிருக்காங்களா?" எங்கள் பக்கத்து ஆனைத் தொல்லை தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் கெத்தாராக்களில் பல இன்று வறண்டுபோய்விட்டன. 1965இல் சீஸ் ஆறு பெருக்கெடுத்துத் தாஃபிலால்த்தை நாசமாக்கியது. அதன் பிறகு ஆற்றை மறித்து அணைக்கட்டுக் கட்டி 1971இல் முடித்தார்கள். வெள்ளம் கட்டுப்பட்டது. ஆனால் முன்பு வெள்ளமாக வந்து நிலத்துக்குள் ஊறிய தண்ணீரும் குறைந்துபோயிற்று. பிறகு பம்புகள் வந்தன. ஆழக் கிணறு தோண்டக் காசு உள்ளவன் இழுத்தான், நீர் மட்டம் இறங்கியது, கெத்தாராவின் வாய் காய்ந்தது. பாலைவனத்தில் வெள்ளமா என்று நினைக்கவேண்டாம். 2006 மே மாதத்தில் மெர்சூகாவிலேயே வெள்ளம் வந்து வீடுகள் இடிந்தன, உயிர்களும் போயின. 2024 செப்டெம்பர் மழையில், அரை நூற்றாண்டாகக் காய்ந்து கிடந்த இரிக்கி ஏரியில் தண்ணீர் நின்றது. அதே ஆண்டு நொவெம்பரில் நம்முடைய பக்கம் வெள்ளத்தில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

சரி, சந்தைக்கு வருவோம். ரிசானி என்ற ஊரில் ஞாயிறு, செவ்வாய், வியாழன் என்று கிழமைக்கு மூன்று நாள் பெரிய சந்தை. கழுதைகளைக் கட்டுவதற்குத் தனியாக மதில் போட்ட ஓர் இடமே இருக்கிறது. ஆடு ஒரு பக்கம், மசாலா ஒரு பக்கம், நடுவில் பேரீத்தம்பழம் மலைமலையாக. நல்ல பழம் மனிதருக்கு, கடைத்தரம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. மாணவர்கள் கம்பளக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருக்க, நான் பழக்காரர்களோடு இருந்தேன். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்று தருகிற காயை நம்பி யாரும் இருப்பதில்லை. ஆள் ஏறி, ஆண் பாளையின் சரத்தைப் பெண் பாளைக்குள் வைத்துக் கட்டுகிறார். ஓர் ஆண் மரம் ஐம்பது பெண் மரத்துக்குப் போதும்.

மெஜ்ஹூல் என்று பெரிய, சதைப்பற்றான பழம் ஒன்றை நோன்பு காலத்தில் காத்தான்குடிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அதன் பிறந்தகம் இந்தப் பிரதேசம்தான். பாயூத் என்ற பூஞ்சண நோய் மொரோக்கோவின் பேரீச்சந்தோப்புகளை அழித்துக்கொண்டிருந்த நேரம், 1927இல் வால்டர் சுவிங்கிள் என்ற அமெரிக்க விஞ்ஞானி பூதனிப் என்ற சோலையிலிருந்து 11 கன்றுகளை எடுத்துப்போனார். நோய் தொற்றியிருக்குமோ என்று நெவாடாவில் தனியாக வைத்து வளர்த்ததில் ஒன்பது பிழைத்தன. இன்று கலிபோர்னியாவில் நிற்கிற மெஜ்ஹூல் மரங்கள் பெரும்பாலும் அந்த ஒன்பதின் வழி வந்தவை. பிறந்த மண்ணிலோ நோய் ஒரு கோடி மரங்களுக்கு மேல் தின்றுவிட்டது. வீட்டில் வழிவழியாக வைத்திருந்த நெல்லினத்தைக் கைவிட்டுவிட்டு, பிறகு என்னிடம் விதை கேட்டு வருகிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

ரிசானிக்குப் பக்கத்தில் சில மண்சுவர்கள் நிற்கின்றன. அதுதான் சிஜில்மாசா. 8ஆம் நூற்றாண்டில் எழும்பிய வணிக நகரம். தெற்கிலிருந்து பொன்னும் பாலைவனத்திலிருந்து உப்பும் இங்கே வந்து சேர்ந்தன. இத்தனை ஒட்டகங்களும் மனிதர்களும் மாதக்கணக்கில் தங்குவதற்குத் தண்ணீரும் பழமும் இருந்த இடம் இது என்பதால்தான் சந்தையே இங்கே கூடியது. 1352இல் இங்கிருந்து ஒரு வணிகக் கூட்டத்தோடு சகாராவைக் கடக்கப் புறப்பட்டவர்களில் ஒருவர், அதற்கு எட்டு வருடம் முன்னால் நம்முடைய தீவில் நின்றவர். இப்னு பதூதா! 1325இல், 21 வயதில், தான்ஜியரிலிருந்து புறப்பட்ட, சட்டம் படித்த இளைஞன். 1344இல் புத்தளக் கரையில் இறங்கியபோது அரசர் ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். அரசருக்குப் பாரசீகம் விளங்கியதாம். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பாவா ஆதமின் பாதத்தைப் பார்க்கவேண்டும் என்றார் இப்னு பதூதா. சிவனொளிபாத மலைக்குத் துணையாக அரசர் அனுப்பிய கூட்டத்தில் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தம்முடைய ஆட்கள் பத்துப்பேர், சாப்பாடு சுமக்கப் பதினைந்துபேர். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்கு ஓர் இந்து அரசர் ஒழுங்குசெய்து கொடுத்த குழுப்பயணம் அது. இப்னு பதூதாவின் மண்ணில் நாங்கள் விருந்தாளிகளாக நின்றபோது புதினாத் தேநீரை உயர்த்தி ஊற்றித் தந்தவர்கள், சிலோன் என்றதும் ஒரு தரம் கூடுதலாக ஊற்றினார்கள். இதே சிஜில்மாசாப் பேரீத்தம்பழம் பஸ்ராவின் பழத்தை விடத் திறம் என்றும் அவர் எழுதிவைத்திருக்கிறார். நான் சாப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு ஆட்சேபணை இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் போய்விட்டது. போகிற பிள்ளைகளுக்கு வேகமாக: அங்கே பள்ளிவாசல்களுக்குள் பிற மதத்தாரைப் பெரும்பாலும் விடுவதில்லை, கசபிளாங்காவின் இரண்டாம் ஹஸன் பள்ளிவாசல் ஒரு விலக்கு. ஆட்களைப் படம் பிடிக்க முன் கேளுங்கள். வாங்க எண்ணமில்லாவிட்டால் பேரம் தொடங்காதீர்கள். சலாம் சொல்லத் தெரியாது என்று நம்முடைய பிள்ளை யாரும் சொல்லமுடியாது, காத்தான்குடிச் சந்தையும் மருதமுனைச் சாரமும் தெரிந்தவர்கள்தானே நாம்.

பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. எல்லாரையும் மொரோக்கோவுக்குக் கூட்டிப்போக முடியாது. ஆனால் அடுத்த சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு உங்கள் உயர்தர வகுப்பைக் கூட்டிவந்து பின்வரிசையில் இருத்தலாம். வட்டவிதானைமாரிடம் நான் சொல்லிவைக்கிறேன். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பிள்ளைகளுக்குத் தேநீரும் உண்டு. வருவீர்கள் என்று நம்புகிறேன்.