கால் பட்ட இடமே காக்கப்படும்

 

சென்னையைச் சுற்றியுள்ள இயற்கையைப் பற்றிப் பேசுங்கள் என்று இந்த நூலகத்தின் வாசகர் வட்டத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். சென்னையில் ஏது இயற்கை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். பள்ளி விடுமுறை வந்தால் ரயிலில் இடம் பிடித்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறோம். ஆனால் மாநகரப் பேருந்தில் போய் இறங்கும் தூரத்தில் காடு இருக்கிறது, கழுவெளி இருக்கிறது, கழிமுகம் இருக்கிறது, ஆமை முட்டையிடும் கரை இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் இவற்றைப் பார்த்திருக்கிறோம்?

இன்று நான் சொல்ல வந்தது ஒரே செய்திதான். இந்த ஊரில் மக்களின் கால் தவறாமல் பட்ட இடங்கள் ஓரளவாவது பிழைத்திருக்கின்றன. நாம் எட்டிப் பார்க்காமல் விட்ட இடங்களைக் குப்பையும் கட்டடமும் எடுத்துக்கொண்டன. சட்டம் வேண்டும், அரசாணை வேண்டும், நீதிமன்றம் வேண்டும். அவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்த மண்ணில் நடந்து அதை அறிந்த மனிதர்கள் வேண்டும்.

முதலில் கடற்கரைக்கு வாருங்கள். பகலில் நாம் சுண்டல் வாங்கித் தின்னும் அதே மணலுக்கு, தை பிறந்த பிறகு இரவில் ஒரு விருந்தாளி வருகிறது. அதுதான் பங்குனி ஆமை. நாற்பது கிலோ எடையுள்ள உடம்பை இழுத்துக்கொண்டு அலைக்கு அப்பால் மேட்டு மணலுக்கு ஏறுகிறது. பின்னங்கால் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழியைத் தோண்டுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடி, தன் உடம்பாலேயே மேலே தட்டிச் சமன்செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. தன் குஞ்சுகளை அது பார்ப்பதில்லை. 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் தாமாகவே மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வருகின்றன.

வந்த குஞ்சுகளுக்கு வழிகாட்டி எது தெரியுமா? வெளிச்சம். நிலவும் விண்மீனும் நீரில் பட்டு ஒளிரும் பக்கம்தான் கடல் என்பது அவற்றின் பிறவி அறிவு. நம் கரையிலோ சாலை விளக்கு, உணவு விடுதி விளக்கு, மாடி வீட்டு விளக்கு. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையை நோக்கி நடக்கின்றன. நாய், காக்கை, வண்டிச் சக்கரம் ஆகியவற்றுக்கு இரையாகின்றன.

இதைக் கண்டு பொறுக்காத சென்னை மாணவர்கள் 1988இல் ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலுள்ள கரையில் இரவெல்லாம் நடக்கிறார்கள். ஆமைத் தடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துச்சென்று புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கூட அழைத்துச் செல்கிறார்கள். படித்து முடித்து வேலைக்குப் போனவர்களின் இடத்தைப் புதிய மாணவர்கள் நிரப்புகிறார்கள். நடை நின்றதில்லை.

ஆனால் கரையைக் காத்தால் மட்டும் போதாது என்பதையும் பார்த்தோம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதன் தெற்கேயும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மீனைப் போன்றதன்று. அது மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய உயிர். கரைக்கு அருகே இழுக்கப்படும் இழுவை வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுத்திணறிச் சாகிறது. கரையில் அன்றாடம் நடப்பவர்கள் இருந்ததால்தான் அந்தச் சாவுகள் உடனுக்குடன் எண்ணப்பட்டன, செய்தியாயின, அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. யாரும் போகாத கரையாக இருந்திருந்தால் அலை அவற்றைத் திரும்ப இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

அடுத்து பள்ளிக்கரணை. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த கழுவெளி அது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். பெருமழையை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிற இடம் அது. நாம் அதற்குத் தரிசு என்று பெயர் வைத்தோம். குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், அடுக்குமாடிகளையும் அலுவலகங்களையும் எழுப்பினோம். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் அதைச் சுற்றிலும் படகில் போனோமே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் போனோமே, அந்தத் தண்ணீர் புதிதாக வழி கண்டுபிடித்து வரவில்லை. தன் பழைய இருப்பிடத்துக்குத்தான் வந்தது.

மிச்சமிருப்பதாவது எப்படி மிஞ்சியது? அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் குப்பைப் புகையைச் சுவாசித்துப் பொறுக்க முடியாமல் குரல் எழுப்பினார்கள். பறவை பார்ப்பவர்கள் ஆண்டுதோறும் போய்க் கணக்கெடுத்து, இங்கே இன்னின்ன பறவைகள் வருகின்றன என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்கேடுகள்தாம் ‘தரிசு’ என்ற சொல்லை எதிர்த்து நின்ற சாட்சி. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் மதிக்கும் ஈரநிலம் என்ற தகுதி இன்று அதற்கு இருக்கிறது. குளிர்காலத்துக் காலைப்பொழுதில் போய்ப் பாருங்கள். பூநாரையும் கூழைக்கடாவும் நீலத்தாழைக்கோழியும் நிற்கும். பின்னால் பெருங்குடிக் குப்பைமேடும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சென்னையைப் பார்ப்பது.

கிண்டிக்கு வருவோம். மாநகரத்தின் நடுவிலேயே ஒரு தேசியப் பூங்கா இருப்பது நம் பேறு. 2.7 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் அது சாதாரணக் காடன்று. தமிழகக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் நெடுகப் பரவியிருந்த வறண்ட பசுமைமாறாக் காட்டின் எச்சம். வீரை, காசான், களா என்று நம் மண்ணுக்கே உரிய மரங்களும் புதர்களும் அங்கே இருக்கின்றன. புள்ளிமான் நிழலைத் தேடும். வெளிமானுக்கோ, பேருக்கேற்றபடி, புல் படர்ந்த வெட்டவெளி வேண்டும். வெளியை மரம் நட்டு மூடினால் வெளிமான் குறையும். பசுமை என்றாலே மரம் என்று நினைத்துக் கண்ட இடத்திலெல்லாம் கன்று நடுகிறோமே, புல்வெளியும் மணல்மேடும் சதுப்பும் தத்தம் நிலையில் முழுமையானவை என்பதைக் கிண்டி நமக்குக் கற்றுத் தரும்.

இலக்கிய அன்பர்கள் கூடியிருக்கும் இந்த அவையில் ஒரு பெயரைச் சொல்லாமல் நான் மேலே போக முடியாது. மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வர். மயிலாப்பூர்ப் பக்கம் வாழ்ந்தவர். 1950இலிருந்து 1996இல் மறையும் வரை, 46 ஆண்டுகள், ஒரே பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார். யானையையும் புலியையும் தேடிக் காடு காடாகப் போன அந்த மனிதர், வீட்டுத் தோட்டத்து அணிலையும் தெருவோரக் காக்கையையும் அதே மரியாதையோடு பார்த்தார். நம் மண்ணின் மரம் எது, வெளியிலிருந்து வந்தது எது என்று தெரிந்து வளர்க்க வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். அவருடைய எழுத்தின் பலம் எங்கிருந்து வந்தது? நேரில் போய் நின்று பார்த்ததிலிருந்து வந்தது. வளரும் எழுத்தாளர்களே, உங்கள் கதையில் ஒரு பறவை பறந்தால் அது என்ன பறவை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இப்போது ஊரைக் கொஞ்சம் தாண்டிப் போவோம். தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் வேடந்தாங்கல். முப்பது ஹெக்டேர் ஏரி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1858இல் செங்கல்பட்டு கலெக்டரிடமிருந்து பாதுகாப்பு ஆணையும் பெற்றார்கள். காட்டுயிர்ச் சட்டம் என்று ஒன்று இல்லாத காலத்தில் உழவர்கள் செய்த காரியம் இது! ஏன் செய்தார்கள்? எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பதை நாள்தோறும் ஏரிக்கரையில் நடந்த அவர்கள் அறிந்திருந்தார்கள். நத்தைக்குத்தி நாரை கூடு கட்டும் மரத்தின் கீழே அவர்கள் சத்தம்போட்டுப் பேசமாட்டார்கள்.

வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தது இதுதான். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வணிகம் செய்த ஊர். எலும்புக்கூடு செதுக்கிய அவர்களது கல்லறை வாயில் இன்றும் நிற்கிறது. ஆனால் அங்கே நான் உங்களைப் பார்க்கச் சொல்வது பூநாரைக் கூட்டத்தையும் மனிதர்களையும். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பாருங்கள். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற மீனவர் ஏற்பாட்டைக் கேட்டறியுங்கள். ஏரியை மொத்தமாக வாரிவிடாமல் அளவோடு எடுக்கும் நெறி அது.

பழவேற்காட்டுக்கும் நமக்கும் நடுவே எண்ணூர் இருக்கிறது. கொசஸ்தலையாறு கடலைத் தொடும் கழிமுகம். அனல்மின் நிலையச் சாம்பல் அங்கே ஆற்றில் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து பரவியபோது, படகும் வலையும் பாழாகி நின்ற மீனவர்களே இறங்கி அந்த எண்ணெயை அள்ளினார்கள். கூழைக்கடாக்களின் இறகெல்லாம் எண்ணெய் அப்பியிருந்தது. மீனவர் கால் அங்கே எப்போதும் இருந்தது, அவர்கள் குரலும் ஓய்ந்ததில்லை. பக்கத்தில் போய் நிற்க வேண்டிய நம் கால்தான் அங்கே படவில்லை. பெசன்ட் நகர்க் கரையில் ஒரு ஆமை செத்தால் பதறுகிற நகரம், எண்ணூரில் ஒரு ஆறே திணறியபோது அந்த அளவுக்குப் பதறியதா?

கூட்டம் கூட்டமாகப் போனால் அந்த இடங்கள் கெட்டுவிடாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் விருந்தாளியாகப் போக வேண்டும். ஆமைக் கரையில் டார்ச்சும் கேமரா வெளிச்சமும் வேண்டாம். கூட்டின் அருகே போகாதீர்கள். படம் எடுப்பதற்காகப் பறவையைக் கல்லெறிந்து எழுப்பாதீர்கள். கிண்டியின் உட்காட்டுக்கும் மற்றக் காப்புக்காடுகளுக்கும் வனத்துறையின் அனுமதி பெற்றே செல்லுங்கள். கொண்டுபோன பாட்டிலையும் பொட்டலத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள். ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கச்சான் காற்றுக்கும் வாடைக்கும் என்ன வேறுபாடு, எந்தக் காற்றில் எந்த மீன் கரைக்கு வரும் என்பதெல்லாம் குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்டால்தான் கிடைக்கும்.

நிறைவாக, இந்த அவையின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று, இந்த வாசகர் வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மண்டபத்துக்கு வெளியே நடத்தட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளிக்கரணைக்கும் ஒக்கியம் மடுவுக்கும் போய் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மார்கழியில் வேடந்தாங்கல். தையில் பழவேற்காடு. மாசியில் ஆமைக் கரை. எந்த மாதமானாலும் ஒருமுறை எண்ணூர்.

இரண்டு, இந்த நூலகத்தில் ஒரு கணக்கேடு வையுங்கள். போனவர்கள் தேதி, இடம், கண்ட பறவை, நீர்மட்டம், கொட்டப்பட்ட குப்பை எல்லாவற்றையும் அதில் எழுதட்டும். பத்தாண்டு கழித்து இங்கே ஏரியே இருந்ததில்லை என்று யாராவது சொன்னால், அந்த ஏட்டை மேசைமேல் வைத்துப் பதில் சொல்லலாம்.

மூன்று, பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அடையாறு எங்கே கடலில் கலக்கிறது என்று சென்னைப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கைகாட்டத் தெரிய வேண்டும். அந்தப் பிள்ளைதான் நாளை வட்டாட்சியராக, பொறியாளராக, மாமன்ற உறுப்பினராக, நீதிபதியாக உட்காரப் போகிறது. ஒரு வரைபடத்தில் நீல நிறத்தை அழித்துச் சாம்பல் நிறம் பூசச் சொல்லி யாராவது கோப்பை நீட்டும்போது, அந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன், அங்கே தண்ணீர் நிற்கும் என்று சொல்லி அது கையெழுத்துப் போட மறுக்க வேண்டும்.

முதல் நடைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையையே நாள் குறியுங்கள். நானும் வருகிறேன்.